தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?

கணினியில் நான் செய்த முதல் மலைத்தொடரை என் தாய்மாமாவிடம்தான் முதலில் காட்டினேன். பாடலீஸ்வரர் கோயிலுக்கு வந்திருந்தவர் அன்றிரவு கடலூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பனி மூடிய சிகரங்கள், நடுவில் நீலமாக ஓர் ஏரி, ஏரியைச் சுற்றி ஊசியிலைக் காடு என்று மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து செய்த காட்சி அது. அந்த ஒற்றைப் படம் ரெண்டர் ஆகி, அதாவது ஒளியும் நிழலும் கணக்கிடப்பட்டுப் படமாகி, முடிய மட்டும் ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டார்.

மாமா கெடிலத்தின் கரையில் நெல் பயிரிடுகிறவர். 2015 மழையில் வயலும் வீட்டு முற்றமும் ஒரே ஏரியாகக் கிடந்ததைப் பார்த்தவர். எந்த நிலத்தைக் கண்டாலும் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் தூங்கப் போன பிறகு காட்சியை மேலிருந்து பார்க்கும்படி திருப்பி, பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளத்தாக்குகள் என்று நான் நம்பியிருந்தவை அனைத்தும் நாற்புறமும் மூடிய கிண்ணங்களாக இருந்தன. ஏரிக்கு நீர் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. உண்மையில் ஒரு மழை பெய்திருந்தால் அந்த மலைத்தொடர் முழுவதும் ஆயிரம் குட்டைகளாகத் தேங்கி நின்றிருக்கும்.

அந்தக் குறை ஏன் வந்தது என்பதைச் சொல்ல, கணினியில் மலை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு நேர்கோட்டை எடுத்து, அதன் நடுப்புள்ளியைத் தற்செயலான ஓர் அளவுக்கு உயர்த்தியோ தாழ்த்தியோ வைக்கிறோம். இப்போது இரண்டு கோடுகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் முன்பைவிடச் சிறிய அளவில் நகர்த்துகிறோம். பத்துப் பன்னிரண்டு முறை இப்படியே செய்தால் கோடு மலைமுகடு போல ஆகிவிடுகிறது. போயிங் நிறுவனத்தில் விமானப் படங்கள் செய்துகொண்டிருந்த லோரன் கார்ப்பெண்டர், அந்த விமானங்களுக்குப் பின்னால் நிறுத்த மலைகள் வேண்டும் என்று தேடிப்போய், எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே போன்ற நெளிவுகளைக் காட்டும் வடிவங்களைப் பற்றிய, கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட்டின் பின்ன வடிவியலைப் படித்து இந்த வகை முறையை உருவாக்கினார். 1980-இல் கணினி வரைகலை மாநாட்டில் அவர் திரையிட்ட இரண்டு நிமிடப் படத்தில் பார்வையாளர்கள் கற்பனை மலைகளின் மேல் பறந்தார்கள். அடுத்து, கென் பெர்லின் 1983-இல் உருவாக்கி 1985-இல் கட்டுரையாக வெளியிட்ட நாய்ஸ் முறை வந்தது. இதில் கட்டக்கோடுகள் சந்திக்கும் புள்ளி ஒவ்வொன்றிலும் தற்செயலாக ஒரு சரிவுத் திசையைக் குறித்து, இடைப்பட்ட இடங்களை வழவழப்பாக நிரப்புகிறார்கள். பெரிய அலைகளின் மேல் பாதி அகலமும் பாதி உயரமும் உள்ள அலைகள், அவற்றின் மேல் அவற்றிலும் பாதி என்று அடுக்கிக்கொண்டே போனால் நிலம் எழுந்து நிற்கிறது. இன்று பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு நோடை, அதாவது இந்தக் கணக்கைச் செய்து தரும் ஒரு பெட்டியை, இழுத்து வைத்தால் அரை நொடியில் இத்தனையும் நடந்துவிடுகிறது.

இவ்வளவு அழகான கணக்கில் ஒரே ஒரு பொருளுக்கு இடமில்லை. அது தண்ணீர். இப்படிப் பிறந்த நிலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது ஏறக்குறைய அதே நிலமாகத்தான் தெரியும், ஏனென்றால் மேடும் பள்ளமும் அதில் ஒரே முறையில் உண்டானவை. உண்மையான மலையைக் கவிழ்த்தால் அது வேறொன்றாகிவிடும். முகடுகள் தனித்தனியாக நிற்கலாம். பள்ளங்கள் அப்படி நிற்பதில்லை. ஓடை வாய்க்காலில் சேர்ந்து, வாய்க்கால் ஆற்றில் சேர்ந்து, எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்தபடி கடலுக்குப் போகின்றன. துறையில் இருந்தவர்களும் இதை விரைவிலேயே உணர்ந்தார்கள். 1989-இல் கென் மஸ்கிரேவ் தம்முடன் பணியாற்றிய இருவரோடு சேர்ந்து, பின்ன வடிவ மலைகளின் மேல் நீரை ஓடவிட்டு அரிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். ஒரு துளியை மேட்டில் விடுகிறோம்; அது சரிவைத் தேடி இறங்குகிறது; வேகமாக ஓடும்போது மண்ணைச் சுமக்கிறது; வேகம் குறையும் இடத்தில் இறக்கி வைக்கிறது. இலட்சக்கணக்கான துளிகளை இப்படி விட்டால் நிலத்துக்கு ஒரு கடந்த காலம் உண்டாகிறது. வேர்ல்ட் மெஷின், கேயா போன்ற, நிலம் உருவாக்கும் மென்பொருள்களின் உயிர்நாடி இதுதான்.

ஆனால் அரிப்பை மென்பொருளில் ஓடவிடுவது வேறு, அரிப்பு என்றால் என்ன என்று தெரிந்து ஓடவிடுவது வேறு. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் செம்மண் பள்ளம். நான் புதுச்சேரியில் ஒரு கட்டுமான வரைபட அலுவலகத்தில் ஆட்டோகேட் வேலை செய்கிறவன். ஓர் ஐப்பசி மாதச் சனிக்கிழமை அலுவலகம் முடிந்ததும், முந்தின நாள் மழை பெய்திருந்ததால், கடற்கரைச் சாலையில் வடக்கே போய் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினேன். ஆரோவில் இருக்கும் மேட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். அங்கிருந்து ஓடிவரும் மழைநீர் கடலை நெருங்கும் குறுகிய தொலைவுக்குள் அந்தச் செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. 1968-இல் அங்கு வந்து குடியேறியவர்கள் முதலில் கண்டது மரமில்லாத, ஓடைகளால் பிளந்த பொட்டல் நிலம். அவர்கள் முதல் வேலையாகக் கரை போட்டு மழைநீரை நிறுத்தி, பிறகு மரம் நட்டார்கள். எஞ்சியிருக்கும் பள்ளம் இன்னும் மழைக்கு மழை மாறிக்கொண்டிருக்கிறது.

பள்ளத்தின் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தச் சின்னத் தூண்களைக் கண்டேன். சுண்டைக்காய் அளவுச் சரளைக்கல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல் உயரத்துக்கு மண்தூண் நின்றது. கல் குடைபிடித்த இடத்தில் மட்டும் மழைத்துளி மண்ணைத் தொடவில்லை. சுற்றியிருந்த மண் கரைந்து போய்விட்டது. ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் அப்படி முப்பது, நாற்பது தூண்கள் இருந்தன. தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை, ஆள் உயரத்தில். கெட்டியான அடுக்கு புடைத்து நிற்கிறது. அதன் கீழே தளர்ந்த அடுக்கு உள்வாங்கியிருக்கிறது. பள்ளம் அகன்று முடியும் இடத்தில் நீர் தான் சுமந்து வந்ததை விசிறி போல விரித்து வைத்திருந்தது. முதலில் சரளை, அதைத் தாண்டி மணல், கடைசியில் அப்பளம் போல வெடித்துச் சுருண்ட மெல்லிய களிமண் ஏடு. நீர் எங்கே களைத்துப்போனது என்பதை அந்த வரிசையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

அதுவரை என் மென்பொருள் நிலங்கள் முழுவதும் ஒரே கெட்டித்தன்மை உடையவை. அதனால்தான் எத்தனை இலட்சம் துளிகளை விட்டாலும் அவை சோப்புக் கட்டியைத் தேய்த்தது போலவே கரைந்தன. அன்றிரவு வீடு திரும்பியதும் நிலத்துக்கு முதலில் ஒரு கடினப்படம் வரைந்தேன். எங்கே கல் அடுக்கு, எங்கே தளர்ந்த மண் என்று கறுப்பு வெள்ளையில் குறித்த ஒரு படம் அது. மென்பொருள் அதைப் பார்த்து எந்த இடத்தை எவ்வளவு அரிக்கலாம் என்று முடிவு செய்கிறது. புவியியலாளர்கள் இந்தப் பகுதியின் பாறைப் படிவத்துக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கேப்பர் மலையின் செம்மேடும் திருவக்கரையின் கல்மரங்கள் கிடக்கும் மண்ணும் இந்தப் படிவத்தைச் சேர்ந்தவை. என் ஊர்ப் பெயர் கொண்ட பாறையை என் கற்பனை நிலத்தின் அடியில் வைத்த பிறகுதான் அந்த நிலத்துக்கு எலும்பு வந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் பனிமலைகள் செய்வதை விட்டுவிட்டேன். மலை வேண்டாம் என்பதற்காக விடவில்லை. நான் பிறந்து வளர்ந்த இந்தத் தட்டை நிலத்தைப் போன்ற ஒன்றை, எங்குமே இல்லாத ஒரு நெய்தலும் மருதமும் கலந்த கரையை, உருவாக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. தட்டைதானே, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். என் அனுபவத்தில் இதைவிடக் கடினமான நிலம் வேறில்லை.

முதல் தடை எண்ணிலேயே வந்தது. நிலத்தின் உயரங்களை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமிப்பது வழக்கம். கறுப்பு தாழ்வு, வெள்ளை உயர்வு. சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான் உண்டு. 1,000 மீட்டர் உயரமுள்ள மலைக்கு அதைப் பயன்படுத்தினால் ஒரு படிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வரும். மலையில் அது சற்றுச் சொரசொரப்பாகத் தெரிவதோடு முடிந்துவிடும். ஆனால் 4 மீட்டருக்குள் எங்கள் ஊரில் என்னென்ன அடங்கிவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உப்பனாற்றின் சேறு, படகுத்துறை, வயல், வரப்பு, தெரு, திண்ணை எல்லாம் ஒரே சாம்பல் நிறப் புள்ளிக்குள் மறைந்துபோகும். 16 பிட்டுக்கு மாறினால் 65,536 படிகள் கிடைக்கின்றன. அதே 1,000 மீட்டருக்கு ஒரு படி சுமார் ஒன்றரைச் சென்டிமீட்டர். என் கரையில் மிக உயர்ந்த மேடே 40 மீட்டர்தான் என்பதால் அந்தப் படிகள் அனைத்தையும் அந்த 40 மீட்டருக்குள் அடைத்தேன். அதன் பிறகுதான் வயலில் நிற்கும் நீரின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியாமல் கோடாகத் தெரிந்தது.

உண்மை நிலத்தின் அளவுகளைப் பார்த்துக் கற்கலாம் என்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த உலக உயரத் தரவில் கடலூர்ப் பகுதியை இறக்கித் திறந்து பார்த்தேன். தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே கரையோரம் ஒழுங்கான நீள்சதுர மேடைகள் வரிசையாக நின்றன. அப்படி மேடு எதுவும் அங்கே கிடையாது. கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் புரிந்தது, அவை சவுக்குத் தோப்புகள். அந்த ரேடார் தரைக்குப் பதிலாகப் பல இடங்களில் மரத்தின் தலைப்பகுதியைத்தான் அளந்திருக்கிறது. ஒரே நாளில் நட்டு ஒரே உயரத்துக்கு வளர்ந்த சவுக்கு, நேரான ஓரங்களோடு பீடபூமியாகப் பதிவாகிவிட்டது. அந்தத் தரவில் உயரங்கள் முழு மீட்டர்களில் இருக்கின்றன, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 30 மீட்டர். இமயமலைக்கு அது போதும். வரப்புக்கு அது உதவாது.

உதவியது மாமாவின் பரம்புப் பலகை. சேற்றுழவு முடிந்து வயலில் நீர் கட்டியிருந்த ஒரு காலையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் தளமட்டம் எடுக்க முக்காலியும் கருவியும் அளவுகோலும் வேண்டும். மாமாவிடம் நீர் மட்டும்தான் இருந்தது. வயலின் ஒரு மூலையில் சேறு நீருக்கு மேலே தலைகாட்டியது. "அங்க ரெண்டு வெரக்கட மேடு" என்றார். பலகையை அந்தப் பக்கம் ஓட்டி, மேட்டுச் சேற்றைப் பள்ளத்துக்கு இழுத்தார்கள். நீர் மெல்ல மேட்டை மூடிக்கொண்டு வர வர, அதன் விளிம்பு பாம்பு போல நெளிந்து இடம் மாறுவதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் எங்கே ஆழமாக, எங்கே மெலிதாக நிற்கிறது என்பதை அதன் நிறத்தைக் கொண்டே அவர்கள் சொன்னார்கள். ஒரு வயலின் மேடுபள்ளம் முழுவதையும் சென்டிமீட்டர் கணக்கில் காட்டுகிற கருவி அந்த நீர்தான்.

அதையே கணினியில் செய்தேன். வயலின் மெஷ்ஷுக்கு, அதாவது கணினியில் அதன் மேற்பரப்பாக இருக்கும் வலைக்கு, குறுக்கே தட்டையான ஒரு தளத்தை நீர்மட்டமாக வைத்து, அதை அரைச் சென்டிமீட்டர் அரைச் சென்டிமீட்டராக ஏற்றியும் இறக்கியும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் பார்த்துப் பார்த்து நிலத்தைத் திருத்தினேன். வரப்பின் மேல் நடந்த தடத்தால் ஏற்பட்ட தாழ்வு, மடை வாயில் நீர் விழுந்து குழிந்த இடம், கரையோரம் நண்டு வளையால் சரிந்த மண் என்று ஒவ்வொன்றையும் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. நாய்ஸ் நோடு இதில் எதையும் தராது. இந்த வேலைக்கு நான்கு மாதம் ஆனது. மலைத்தொடருக்கு மூன்று வாரம் போதுமாயிருந்தது.

கடற்கரைக் கோட்டிலும் இதே பாடம். கடற்கரை நீளத்தை அளக்கப் போனால் அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போகும் என்பதை வைத்து மாண்டல்பிராட் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கோடு எவ்வளவு நெளிகிறது என்பதைச் சொல்லும் பின்னப் பரிமாணம் (நேர்க்கோட்டுக்கு அது 1) பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25 என்றும் தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02 என்றும் வருகிறது. எங்கள் சோழமண்டலக் கரை நிச்சயம் தென்னாப்பிரிக்கக் கரையின் பக்கம்தான் நிற்கும். அது ஏறக்குறைய நேர்க்கோடு. மென்பொருள் தானாகத் தரும் கரையோ குடாவும் முனையுமாகக் கிழிந்து தொங்குகிறது. நேராக இருப்பதால் இந்தக் கரையில் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு தெற்கே மணல் குவிந்ததும் வடக்கே நகரக் கடற்கரை மறைந்து கருங்கல் குவியல் வந்ததும் அதனால்தான். என் கற்பனைக் கரையில் ஒரு கல்சுவரை வைத்தபோது அதன் தென்புறத்தில் மணலைக் குவித்து, வடபுறத்தில் கரையை உள்வாங்கச் செய்தேன். பார்ப்பவர் காரணம் கேட்கமாட்டார். ஆனாலும் அதைச் செய்யாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஒளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வைத்தது. ரெண்டர் செய்கிறவனுக்கு அந்தச் சேர்க்கையின் பொருள் ஒவ்வொரு நாளும் புரியும். மாதிரிக் காட்சிகளில் பெரும்பாலும் சூரியன் கடலில் இறங்குகிறது. எங்கள் கடலில் சூரியன் எழுகிறது. மாலையில் அது நமக்குப் பின்னால், ஊருக்குள் இறங்கிப்போக, சவுக்கின் நிழல் மணலைத் தாண்டி அலையை நோக்கி நீள்கிறது. கடல் ஒளியிழந்து, அடிவானத்தில் மட்டும் இளஞ்சிவப்பு ஒரு பட்டையாக நிற்கிறது. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகைக்கும் சற்றுக் குறைவான இடம் என்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலையில் நிற்கும், கம்பத்துக்கு நிழலே இராது. மேடுபள்ளத்தைக் காட்டுவதே நிழல்தான் என்பதால், அந்த நேரத்தில் எங்கள் நிலம் இன்னும் தட்டையாகிவிடுகிறது.

வானமும் அப்படியே. பிளெண்டர் 2.90 பதிப்பிலிருந்து, கணினி வரைகலை ஆய்வாளர் நிஷிதா 1993-இல் வகுத்த கணக்கின்படி சூரிய ஒளி காற்றில் சிதறுவதைக் கணிக்கும் வானம் ஒன்று கிடைக்கிறது. காற்று, தூசி, ஓசோன் ஆகிய மூன்றின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். அதன் இயல்பான நீலம் நன்றாகக் கழுவிய நீலம். சித்திரை மாதத்தில் எங்கள் அடிவானம் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்திருக்கும். தூசியை இரு மடங்குக்கு மேல் ஏற்றி, தரையை ஒட்டி உப்புக் காற்றுக்காக ஒரு மெல்லிய மூட்டத்தையும் வைத்த பிறகுதான் அந்த வெளுப்பு வந்தது.

மரங்களில் ஒரு திருத்தம் செய்தேன். மென்பொருள் தூவிய தென்னைகள் அனைத்தும் நெட்டுக்குத்தாக நின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்த மறுநாள் எங்கள் தெருவில் நிழலே இல்லை. வீட்டுக்குள் அதுவரை வெயில் விழாத மூலையில் வெயில் விழுந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. பிழைத்த தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்து மறுபடியும் வானத்தை நோக்கி வளைந்து வளர்ந்தன. என் கரையில் உயர்ந்த தென்னைகளுக்கு மட்டும் அந்த வளைவைக் கொடுத்தேன், இளங்கன்றுகளை நேராக விட்டேன். எப்போதோ ஒரு புயல் அங்கே வந்து போயிருக்கிறது.

போன தை மாதம் மாமா வந்திருந்தபோது இந்தக் கரையை அவருக்குக் காட்டினேன். முற்றிய கதிர்களோடு வயல், நடுவே நீரின் மினுமினுப்பு, அப்பால் வாய்க்கால், அதற்கப்பால் கழிமுகம், வெளுத்த வானம். நீர் வடியும் வழியை அவரே விரலால் திரையில் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தார். வயலிலிருந்து மடைக்கு, மடையிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கழிக்கு. எங்கேயும் விரல் நிற்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். விரல் திரும்பவும் வயலுக்கே வந்தது.

"கதிரு முத்திடுச்சே தம்பி, வயல்ல இன்னும் தண்ணி நிக்குது. இது எந்த மாசம்?"

அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே நீரை வடித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், சிறுவயதிலிருந்து பார்த்ததுதான். மினுமினுப்பு அழகாக இருந்ததால் விட்டுவைத்திருந்தேன். அன்றிரவே காட்சியைத் திறந்து மடையை வெட்டினேன். நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியபோது, தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு பாய் அளவுக்கு நீர் பிரியாமல் நின்றது. அந்த இடத்திலிருந்து மடை வரைக்கும் ஒரு விரற்கடை சரிவு கொடுத்துச் சேற்றை இழுத்துவிட்டேன். நீர் போன பிறகு தாள்களின் அடியில் ஈர மண்ணின் நிறம் மட்டும் மிஞ்சியது. அந்த நிறம் இன்னும் சரியாக வரவில்லை. இந்த வாரம் அதில்தான் இருக்கிறேன்.